சோளகம் வீசும் வளவுக்கு எந்த மாங்கன்று?

கிளிநொச்சி உருத்திரபுரத்தில் புது வீடு கட்டிக் குடிவந்த பிள்ளைகள் மாரி தொடங்கும் முன்னே வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, வளவுக்குள்ள என்ன மாங்கன்று வைக்கலாம்?" வளவின் தென்மேற்கு மூலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். அயலவரின் பனங்கூடல் என்றால் ஒரு பதில், வயல்வெளி என்றால் வேறு பதில். நம்முடைய ஊர் இரணைமடு வாய்க்கால் பாயும் வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் எட்டாது. வைகாசிக்குப் பிறகு வெறுந்தரையாகக் காயும் வெளியைத் தாண்டி வரும் சோளகத்தை மறிக்க அங்கே எதுவும் இல்லை. போர் முடிந்து 2010 அளவில் திரும்பி வந்தபோது பல வளவுகளில் பழைய மாமரமும் இல்லை, வேலியும் இல்லை. ஆகவே இன்று கன்று வைப்பவர்கள் எங்கள் தகப்பன்மார் வைத்த காலத்தைவிடக் கடினமான வெளியில் தொடங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. இனத்தின் பெயரைக் கேட்கும் முன் காற்றை அறியுங்கள்.

நமக்கு இரண்டு காற்று. வைகாசி நடுவில் தொடங்கிப் புரட்டாசி வரை வீசுவது சோளகம். தென்மேற்கிலிருந்து வரும், மழை கொண்டுவராது, வாரக்கணக்கில் ஓயாது. அது மரத்தை விழுத்துவது குறைவு. இலையின் ஈரத்தை உறிஞ்சும், குருத்தைக் கருக்கும், காயை ஆட்டி ஆட்டி உதிர்க்கும். மற்றது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வருகிற மாரிக்காற்று. வாடையோடு மழை வரும். சில ஆண்டுகளில் வங்காள விரிகுடாவில் இருந்து புயலும் வரும். 1964 டிசம்பரில் வவுனியாப் பக்கத்தை ஊடறுத்துப் போய்த் தனுஷ்கோடியை அழித்த புயலை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியதை நீங்களே கண்டிருப்பீர்கள். இந்தக் காற்று சில மணி நேரந்தான் அடிக்கும். ஆனால் அது வரும்போது மண் ஊறிக் களியாகக் கிடக்கும். வேருக்குப் பிடிமானம் இல்லாத அந்த நேரத்தில்தான் மரம் வேரோடு சாய்கிறது.

சோளகம் காய்க்குப் பகை, மாரிக்காற்று மரத்துக்குப் பகை. இனத்தைத் தெரிவுசெய்யும்போது சோளகத்தை நினையுங்கள். கன்றைத் தெரிவுசெய்யும்போதும், நடும்போதும், கத்தரிக்கும்போதும் மாரிக்காற்றை நினையுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல இனத்தைத் தவறான இடத்தில் வைக்கிறோம்.

2. அப்பிள் ஆசையை விட்டுவிடுங்கள். அப்பிள்காரர்களின் அறிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் யாராவது அப்பிள் கன்று வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அப்பிள் மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். 7 பாகை செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரம் இருந்தால்தான் வழமையான இனங்கள் ஒழுங்காக மொட்டவிழ்க்கும். இஸ்ரேலில் உருவான அன்னா போன்ற, குளிர் குறைவாகக் கேட்கும் இனங்களுக்கும் அந்தக் குளிரில் ஒரு பங்காவது தேவை. கிளிநொச்சியில் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. கன்று தழைக்கலாம், ஓரிரு பூவும் காட்டலாம். வீட்டுத் தேவைக்குக் காய் தராது. அந்தக் காசையும் கிணற்றுத் தண்ணீரையும் வேறு மரத்துக்குக் கொடுங்கள்.

ஆனால் காற்று வீசும் நாடுகளில் அப்பிள் வைப்பவர்கள் கன்று வாங்கும் முறையில் நமக்குப் பாடம் உண்டு. பழத்தின் பெயரோடு அடிக்கட்டையின் பெயரையும் அவர்கள் கேட்பார்கள். இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் உள்ள ஈஸ்ற் மோலிங் ஆய்வு நிலையம் அடிக்கட்டைகளுக்கு இலக்கம் இட்டுப் பிரித்து வைத்தது. எம் 9 என்ற குட்டை அடிக்கட்டையில் ஒட்டிய மரம் சீக்கிரம் காய்க்கும். ஆனால் அதன் வேர் முறியக்கூடியது, ஆயுள் முழுக்க ஊன்றுகோல் வேண்டும். காற்றுள்ள இடத்துக்கு எம்.எம் 106 போன்ற பலமான அடிக்கட்டையை எடுத்து, மரத்தைத் தாழ்வாகப் புதர்போல வளர்ப்பார்கள். பருவக் காற்று கடுமையாகும் முன் பழுத்து முடியும் இனத்தை விரும்புவார்கள். வேர், உயரம், பழுக்கும் காலம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே ருசிக்கு வருவார்கள். மாமரத்துக்கும் இதே வரிசைதான் சரி.

3. முந்திப் பழுக்கும் மாவுக்கு முதலிடம்.

நம் பக்கத்தில் மா தை முதல் பங்குனி வரை பூக்கும், வைகாசி தொடங்கி ஆடி வரை பழுக்கும். சோளகம் தொடங்குவதும் வைகாசியில்தான். காய் முற்றிப் பாரம் ஏறுகிற வேளையும் காற்று ஏறுகிற வேளையும் ஒன்றாக வருகின்றன. இரண்டு மூன்று கிழமை முந்திப் பழுக்கும் மரம் அந்த அளவுக்குக் காயைக் காப்பாற்றிக்கொள்ளும்.

அதனால்தான் வெளியான வளவுக்கு நான் முதலில் சொல்வது விலாட். பழம் சிறியது, தோளில் சிவப்புப் படரும். மரம் அடக்கமாக நிற்கும், முந்திக் காய்க்கும், சில ஆண்டுகளில் இரண்டாவது போகமும் தரும். சிறிய காய் என்பதால் காம்புக்குப் பாரம் குறைவு, காற்றில் ஆடினாலும் பிடித்து நிற்கும். சந்தையில் கறுத்தக் கொழும்பானின் விலை அதற்கு இல்லை. வீட்டுப் பிள்ளைகள் தின்பதற்கு விலை எதற்கு? கைக்கு எட்டும் உயரத்தில் கொத்தாகத் தொங்குகிற விலாட் மரத்தடியில் ஒரு குழந்தை நிற்பதைக் கண்டவருக்கு அதன் அருமை தெரியும்.

4. கறுத்தக் கொழும்பானைத் தள்ளிவிட வேண்டாம். இடம் பார்த்து வையுங்கள்.

மணத்திலும் ருசியிலும் கறுத்தக் கொழும்பானுக்கு ஈடாக நம் மண்ணில் வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். அது இல்லாத வளவு எனக்குக் குறையாகவே தெரியும். ஆனால் மரம் அகன்று உயரும், காய் பெரியது, நீண்ட காம்பில் தொங்கும். அதைத் தென்மேற்கு எல்லையில் வெளியைப் பார்த்து வைத்தால் ஆனி மாதம் முழுக்க ஊறுகாய்க்குப் பொறுக்க வேண்டியதுதான்.

அதை வீட்டின் வடகிழக்குப் பக்கத்தில் வையுங்கள். சோளகத்துக்கு வீடே மறைப்பாகும். அந்தப் பக்கத்தில் வாடை அடிக்குமே என்று கேட்பீர்கள். அடிக்கும்; ஆனால் அப்போது மரத்தில் காய் இராது, ஆவணியில் கத்தரித்து உடலையும் இலேசாக்கி வைத்திருப்பீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சுவரில் இருந்து 25 அடியாவது தள்ளி வையுங்கள். ஓட்டின் மேலோ தகரத்தின் மேலோ கொப்பு முறிந்து விழுந்தால் மாம்பழத்தால் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது.

அம்பலவி, வெள்ளைக் கொழும்பான், செம்பாட்டான் ஆகியவற்றுக்கும் இதே விதி: மறைப்பு இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் மறைப்பு வளரும்வரை பொறுங்கள். இப்போது எல்லாரும் கேட்கிற ரிஜேசி மாவின் பழம் அரைக் கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதைக் கத்தரித்துத் தாழ்வாக வளர்க்கலாம் என்பது நல்ல குணம். எட்டடிக்கு மேல் போகவிடாமல் வைத்திருக்க மனம் உள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள். காய்க்குக் கடதாசிப் பை கட்டுவது பழ ஈயைத் தடுக்கும். காற்றில் இலையோடும் கொப்போடும் உரசித் தோல் கறுப்பதையும் அது குறைக்கும்.

5. மரத்துக்கு முன் வேலி.

பலர் கன்றை வைத்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்து வேலியை நினைக்கிறார்கள். முறை மறுபக்கமாக இருக்க வேண்டும். தெற்கு, மேற்கு எல்லைகளில் ஆவணி, புரட்டாசியில் கதியால் வெட்டி வைத்து, முதல் மழையோடு ஊன்றுங்கள். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை மூன்றும் தடியிலிருந்தே தழைக்கும். சீமைக்கிளுவை விரைவாக உயரும், அதன் குழை நல்ல பசளை. இவற்றுக்கு வெளியே எல்லையில் பனங்கொட்டைகளைப் புதைத்து விடுங்கள். பனை உங்களுக்கு உதவப் பல ஆண்டு எடுக்கும், ஆனால் உதவத் தொடங்கினால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். வேம்பு தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள்.

மதில் கட்டினால் காற்று நிற்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். இறுக்கமான சுவரில் மோதிய காற்று மேலெழுந்து மறுபக்கம் சுழன்று விழும். சுவருக்கு உள்ளே சற்றுத் தள்ளி நிற்கும் கன்றைத்தான் அது முறுக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலிதான் நல்லது. அப்படிப்பட்ட உயிர்வேலி தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். பத்தடி வேலி என்றால் நூறடி. சாதாரண வளவுக்கு அது போதும்.

வேலி எழும்பும் வரை என்ன செய்வது? கன்றின் தென்மேற்குப் பக்கத்தில் இரண்டு தடி ஊன்றிக் கிடுகு கட்டுங்கள். கிடுகின் பின்னலுக்குள்ளால் கொஞ்சம் காற்றும் வெளிச்சமும் போகும், கன்றுக்கு அதுதான் தேவை. கிடுகு கிடைக்காவிட்டால் பனையோலை. தகரத் துண்டை நிறுத்தாதீர்கள், வெயிலில் சூடேறிக் கன்றை வாட்டும்.

6. கன்று வாங்கும்போது இலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இதை நான் சற்று நீட்டிச் சொல்வேன், ஏனென்றால் காற்றில் சாயும் மரங்களில் பல கன்றுப் பையிலேயே சாயத் தொடங்கியவை. நாற்றுமேடையில் ஆளுயரக் கன்றும் முழங்கால் உயரக் கன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எல்லாரும் ஆளுயரக் கன்றைத் தூக்குவார்கள். நீங்கள் சிறியதைத் தூக்குங்கள். பெரியது நெடுங்காலம் பைக்குள் இருந்திருக்கும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். அடித்துளையால் தடித்த வேர் வெளியேறி நிலத்தில் இறங்கியிருந்தால், அதை அறுத்துத்தான் உங்களுக்குத் தருவார்கள். அடியை அமத்திப் பாருங்கள். மண் நெகிழ்ந்து கொடுத்தால் நல்லது. கயிற்றுச் சுருளை அமத்துவதுபோலக் கட்டியாக இருந்தால் வேர் வட்டமாகச் சுற்றிவிட்டது. சுற்றிய வேர் நிலத்தில் வைத்த பிறகும் சுற்றியபடியே தடிக்கும், பக்கங்களுக்கு ஓடாது. பத்து ஆண்டில் மேலே பெரிய மரம் நிற்கும், கீழே சின்னப் பிடிமானந்தான் இருக்கும்.

அடுத்து ஒட்டைப் பாருங்கள். அடிக்கட்டையும் ஒட்டுக்கிளையும் கூடும் இடம் நான்கு பக்கமும் மூடி ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெடிப்புத் தெரிந்தால், அல்லது மேல்பக்கம் தடித்துக் கீழ்ப்பக்கம் மெலிந்திருந்தால் திருப்பி வையுங்கள். காற்று முதலில் பிளக்கும் இடம் அது. சுற்றிய பொலித்தீன் நாடா இறுகித் தோலுக்குள் புதைந்திருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒட்டுக்குக் கீழே முளைத்த தளிரை நுள்ளிவிடுங்கள்.

கன்றின் இனத்தில் சந்தேகம் என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், வட்டக்கச்சி விவசாயப் பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை. தெருவோரத்தில் விற்கும் கன்றுக்குச் சீட்டில் என்ன பெயரும் எழுதலாம். அது பொய் என்று தெரிய நான்கைந்து ஆண்டு எடுக்கும்.

7. பொறுமை உள்ளவர்கள் விதையை இருக்கும் இடத்திலேயே போட்டு ஒட்டுங்கள்.

காற்று அதிகம் உள்ள வளவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மரம் நிற்க வேண்டிய இடத்தில் கிடங்கு வெட்டி, எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, நாட்டு மாங்கொட்டை மூன்றை ஊன்றுங்கள். மாங்கொட்டை நெடுநாள் உயிரோடு இராது, பழம் தின்ற கிழமைக்குள் ஊன்ற வேண்டும். முளைத்ததில் வலிமையானதை விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். தண்டு பென்சில் தடிப்பு வந்ததும், ஒட்டத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு விலாட்டோ கறுத்தக் கொழும்பானோ ஒட்டுவியுங்கள். பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் மடங்கியோ அறுந்தோ போயிருக்கும். இது நேரே இறங்கும். வறட்சியிலும் தன்பாட்டில் தண்ணீர் தேடும். காய்க்க ஓரிரு ஆண்டு பிந்தும், அவ்வளவுதான்.

8. நடுவது மாரித் தொடக்கத்தில், மேட்டில்.

ஐப்பசியில் முதல் மழைகள் மண்ணை நனைத்த பிறகு வையுங்கள். சோளகம் வருவதற்குள் வேர் ஓட ஆறேழு மாதம் கிடைக்கும். மாசி, பங்குனியில் வைத்த கன்று நிலைகொள்ளும் முன்னே சோளகத்தில் அகப்படும்.

வயலை அண்டிய வளவுகளில் கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் நிற்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியபோது தாழ்வான வளவுகள் நாள்கணக்கில் நீருக்குள் கிடந்தன. அப்படியான இடத்தில் கிடங்குக்குள் கன்றை இறக்காதீர்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமான மேடு கட்டி அதன்மேல் வைத்து, சுற்றி வடிகால் வெட்டுங்கள். மேடு ஒடுக்கமாக இருந்தால் மரம் அதன் மேலேயே ஆடும். ஆறடி அகலமாவது இருக்கட்டும், ஆண்டுதோறும் மண் போட்டு அகட்டுங்கள்.

ஊன்றுகோலைக் கன்றோடு ஒட்டி நடாதீர்கள், ஒரு சாண் தள்ளி நடுங்கள். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாகக் கிழித்து, எட்டு வடிவில் சுற்றி, கன்றின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நெகிழ்வாகக் கட்டுங்கள். உச்சியில் இறுக்கிக் கட்டினால் தண்டு தடிக்காது. காற்றில் சற்று ஆடுகிற தண்டுதான் அடியில் தடிக்கும், வேரையும் பரப்பும். ஓராண்டு கழிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

9. முதல் வெட்டுக்குப் பயப்படாதீர்கள்.

கன்று இடுப்புயரம் வந்ததும் உச்சியை வெட்டுங்கள். எல்லாருக்கும் கை நடுங்குவது இங்கேதான். வெட்டிய இடத்துக்குக் கீழே பல தளிர் வரும். நான்கு திசைக்கும் போகிற, ஒன்றுக்கொன்று சில அங்குலம் மேல் கீழாக எழுகிற மூன்று அல்லது நான்கை விட்டு மற்றவற்றை நுள்ளுங்கள். இரண்டு கொப்பு ஒரே இடத்தில் ஒடுங்கிய கவராக எழும்பினால் ஒன்றை அப்போதே எடுத்துவிடுங்கள். அந்தக் கவருக்குள் பட்டை அகப்பட்டு, உள்ளே மரம் ஒட்டாமல் வளரும். புயலில் மாமரம் பிளப்பது பெரும்பாலும் அந்தக் கவரில்தான். முதல் இரண்டு ஆண்டுப் பூவையும் கிள்ளிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஆண்டும் பழம் முடிந்ததும், மாரிக்கு முன், உள்ளே குறுக்கிடும் கொப்புகளை எடுத்து மரத்துக்குள்ளால் காற்றுப் போக வழிவிடுங்கள்.

10. மாவோடு நிறுத்த வேண்டாம்.

கொய்யா, மாதுளை, தேசி மூன்றும் காற்றுக்கு வளைந்து கொடுப்பவை, தாழ்வாக நிற்பவை. தென்மேற்குப் பக்கத்தில் மாவுக்கு முன்வரிசையாக இவற்றை வைக்கலாம். மாதுளைக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. அன்னமுன்னாவும் அந்த வரிசையில் சேரும். வெளியோரத்தில் ஒரு விளாத்தி நிற்கட்டும். வன்னியின் வறட்சிக்கும் காற்றுக்கும் பழகிய மரம் அது.

பலாக்காய் அடிமரத்திலும் தடித்த கொப்பிலும் காய்ப்பதால் சோளகம் அதை உதிர்க்காது. ஆனால் வேரடியில் தண்ணீர் நின்றால் மரமே பட்டுப்போகும். வளவின் மிக உயர்ந்த இடத்தை அதற்குக் கொடுங்கள்.

பப்பாசி உயரமாகப் போகும் இனமென்றால் மாரியில் முறியும். தாய்வானில் உருவான ரெட் லேடி தாழ்விலேயே காய்க்கத் தொடங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி வைக்கும் மரமாகவே அதை நினையுங்கள்.

வாழையில் இலை கிழிவதைக் கண்டு கவலைப்பட வேண்டாம், கிழிந்த இலையும் வேலை செய்யும். குலை தள்ளிய வாழை அடியோடு விழுவதுதான் நட்டம். கதலி உயர்ந்து போகும், குலை வந்ததும் இரண்டு தடியைக் கத்தரிக்கோல் மாதிரிக் கட்டிக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக முட்டுக் கொடுங்கள். குட்டியை ஆழமாக வைத்து, ஆடி, ஆவணியில் அடிக்கு மண் அணையுங்கள். வீட்டுக்கும் வேலிக்கும் இடையில், கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் பற்றையாக நிற்கிற வாழை ஒன்றையொன்று தாங்கும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வைக்காதீர்கள். மாதம் மாற்றி வைத்தால் ஒரு புயலில் எல்லாக் குலையும் போகாது.

11. சோளகக் காலத்தில் தண்ணீரை ஆழமாக விடுங்கள்.

நாள்தோறும் ஒரு வாளி ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். கிழமைக்கு இருமுறை, பாத்தி நிறைய விடுங்கள். பாத்தியைக் கன்றின் இலைவிளிம்பு வரை அகட்டுங்கள். அதற்குள் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சருகு போடுங்கள். தண்டோடு முட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையேல் கறையான் ஏறும்.

12. விழுந்த மரத்தைக் கைவிடும் முன்.

புயல் விட்ட மறுநாளே வளவைச் சுற்றிப் பாருங்கள். மூன்று நான்கு வயதுக்கு உட்பட்ட மரம் சாய்ந்திருந்தால், மண் ஈரமாக இருக்கும் அந்த ஓரிரு நாளுக்குள் நிமிர்த்த வேண்டும். காய்ந்த பிறகு நிமிர்த்தினால் மிஞ்சிய வேரும் அறும். முதலில் கொப்பில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் பாரத்தைக் குறையுங்கள். பிறகு இரண்டு பேர் மெதுவாகத் தூக்க, மூன்றாமவர் வேரடியில் மண்ணை நிரப்பி மிதிக்கட்டும். மூன்று பக்கமும் கயிறு கட்டிக் கட்டையில் இழுத்து விடுங்கள். கயிறு படும் இடத்தில் சாக்குத் துண்டு சுற்றுங்கள். அறுந்த வேரின் நுனிகளைக் கூரான கத்தியால் சீராக வெட்டிவிட வேண்டும். கவர் பிளந்த கொப்பைக் கம்பியால் இறுக்கிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், அடியோடு அரிந்து எடுங்கள். முதலில் கீழ்ப்பக்கத்தால் கொஞ்சம் அரிந்து, பிறகு மேலிருந்து அரிந்தால் பட்டை உரியாது. வளர்ந்த பெரிய மரம் பாதி வேர் அறுந்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் அதைத் தறிப்பதுதான் வழி. நிமிர்த்திய கன்றின் கயிறுகளை அடுத்த சோளகமும் அதற்கடுத்த மாரியும் கழியும் வரை அவிழ்க்காதீர்கள். மாதம் ஒருமுறை இறுக்கம் பார்த்து நெகிழ்த்திக் கொடுங்கள்.